செண்டோல் என்ன வேலை செய்யும்?

ஒரே வேலையை இரண்டாவது தடவை செய்யச் சொன்னால் ஆப்ரினுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஜோகூர் மாநிலத்துச் சிகாமட்டில் அவளுடைய அத்தா அபூபக்கர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் கல்லாவில் உட்காரச் சொன்னால், "நேத்துதானே அத்தா உக்காந்தேன்" என்று எழுந்து ஓடிவிடுவாள். அப்படிப்பட்டவள் கணினிப் படிப்பை முடித்துவிட்டு ஸ்கூடாயில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லாரும் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சின்ன நிறுவனம். முதலாளி ஹேமநாதன், வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். கிளினிக் வந்து கேட்டது, எழுதிக் கொடுத்தார். டியூஷன் சென்டர் கேட்டது, எழுதிக் கொடுத்தார். விரைவுப் பேருந்துக்காரர்கள், கார் கழுவும் இடங்கள், ஒரு நாய் பூனை ஆஸ்பத்திரி என்று ஜோகூரில் யார் கதவைத் தட்டினாலும் "வாங்க, பேசிக்கலாம்" என்பார். இப்படியே வருஷக்கணக்கில் சேர்ந்த நிரல் துண்டுகள் கம்பெனிக் கணினியில் மலையாகக் குவிந்து கிடந்தன.

ஆப்ரினுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு கிளினிக்கின் புகார். நம் அடையாள அட்டை எண்ணின் ஆரம்பத்திலேயே பிறந்த தேதி இருக்கும். ஆனால் வருஷத்துக்கு இரண்டே இலக்கம்தான். அந்தக் கிளினிக்கின் நிரல் எல்லாரையும் போன நூற்றாண்டிலேயே பிறக்க வைத்திருந்தது. தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைக்கு நூறு வயது என்று காட்டி, மூத்த குடிமக்கள் சலுகையும் கொடுத்துவிட்டது. குழந்தையின் அம்மா சலுகையை வாங்கிக்கொண்டுதான் புகார் சொன்னாளாம்.

ஆப்ரின் அதைச் சரிசெய்தாள். அடுத்த வாரமே ஒரு டியூஷன் சென்டரில் நூற்றுப்பத்து வயது மாணவன் ஒருவன் முளைத்தான். அதே தப்பு, வேறு ஆள் கையெழுத்து. தோண்டிப் பார்த்தால், பிறந்த தேதி கண்டுபிடிக்கும் அந்த ஒரே வேலையை ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு சரி, மிச்சமெல்லாம் தப்பு.

"ஏற்கெனவே யாராவது எழுதியிருப்பாங்களான்னு தேட மாட்டீங்களா பாஸ்?" என்று கேட்டாள்.

"எங்க தேடறது? எழுதினவனெல்லாம் சிங்கப்பூர் போயிட்டான்" என்றார் ஹேமநாதன்.

உண்மைதான். வேலை பழகியதும் ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள். ஆள் போய்விடுவார், அவர் எழுதியது மட்டும் ஸ்கூடாயில் தங்கிவிடும்.

"அப்போ நான் தேடறேன் பாஸ்."

"தேடு லா. ஆனா கைவேலையும் முடியணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆப்ரினுக்கு அப்போது இருபத்தேழு வயது. மற்ற பெண்கள் கொரிய நாடகம் பார்க்கிற உற்சாகத்தோடு அவள் பழைய நிரல் துண்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் பெயரை வைத்துத் தேடினாள். அந்த முயற்சி ஒரு காலை நேரம்கூடத் தாங்கவில்லை. துண்டுகளில் பாதியை எழுதியவர் யுகேந்திரன் என்று ஒருவர். ஆப்ரின் சேருவதற்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டவர். மனிதர் தான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் சாப்பாட்டுப் பெயர் வைத்திருந்தார். வெயிலுக்குக் குடிக்கும் ஐஸ் செண்டோல், கண்டதையும் கலந்த ரோஜாக், மீ கோரெங், திருப்பி மடித்த ஆப்பம் பாலிக். எது என்ன செய்யும் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆப்ரின் எங்கெங்கோ விசாரித்து அவருடைய எண்ணை வாங்கி அழைத்தாள்.

"யுகேந்திரன் அண்ணா? நான் ஆப்ரின். உங்க பழைய ஆபீஸ்லேர்ந்து பேசறேன்."

"அலமாக்! அந்த ஆபீஸ் இன்னும் இருக்கா?" பின்னால் பேருந்துகளின் இரைச்சல் கேட்டது. எங்கோ வரிசையில் நிற்கிறார் போலிருந்தது.

"இருக்கு. உங்க செண்டோலும் இருக்கு. அது என்ன வேலை செய்யும்ணா?"

"செண்டோலா... அன்னிக்கு ரொம்ப வெயில். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"ரோஜாக்?"

"அது பல விஷயத்தை ஒண்ணாக் கலக்கும்னு நினைக்கிறேன்."

"என்னென்ன விஷயம்?"

"ரோஜாக்ல என்னென்ன இருக்குன்னு யாரும்மா பாத்துச் சாப்பிடறா?"

"சரி, மீ கோரெங்?"

"அதை மட்டும் தொடாதீங்க தங்கச்சி!" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது போல, தொடர்பு அறுந்தது.

பெயர் உதவாது என்று தெரிந்ததும் ஆப்ரின் துண்டுகளுக்கு அடையாளம் எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. என்ன செய்கிறது? எதன்மேல் செய்கிறது? எந்தத் தொழிலுக்காக? துணைக்கு லோஷினி. அவள் கோத்தா திங்கிப் பெண். எழுதிய நிரல்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. சிரித்தால் அவளோடு சேர்ந்து நாற்காலியும் ஆடும். அந்த ஆட்டத்தில் பக்கத்து மேசைத் தேத்தண்ணீர் தளும்பும்.

இந்த வழி ஓரளவு பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடையாள அட்டை, பிறந்த தேதி என்று கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாத் துண்டும் வந்து நின்றன. சரியான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கியெறிந்தார்கள். ஜோகூரின் நூறு வயதுக் குழந்தைகள் அன்றோடு இளமை அடைந்தார்கள். ஆனால் சொல் என்பது ஆளுக்கு ஆள் மாறுமே! வாடிக்கையாளர் பெயர்களில் இருக்கிற குப்பையை நீக்குவதற்காக "சுத்தம் செய்" என்று ஆப்ரின் தேடினால், கார் கழுவும் இடத்து நிரல்கள் நுரையோடு வந்து நின்றன. ஆப்ரின் 'நீக்கு' என்று எழுதிய இடத்தில் லோஷினி 'கழி' என்று எழுதியிருந்தாள். யுகேந்திரனின் துண்டுகள் பலவற்றுக்கு அவள் எழுதியிருந்த அடையாளம், 'கடவுளுக்கே வெளிச்சம்.'

"இதை வச்சு யாரு தேடுவா லோஷினி?"

"கடவுள் தேடுவாரு லா."

அடுத்து ஆப்ரின் வேறு பக்கமாக வந்தாள். துண்டுக்குள் என்ன போகிறது, அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று மட்டும் பார்ப்பது. எண் போய்த் தேதி வருவதைக் கேட்டால் அதற்குரியது சரியாகக் கிடைத்தது. எழுத்து போய் எழுத்து வருவதைக் கேட்டபோதுதான் தொல்லை. சிகாமட்டில் இரண்டு கால் உள்ள ஒருவரைத் தெரியுமா என்று விசாரித்தது போல, மொத்தக் குவியலும் எழுந்து கையைத் தூக்கியது.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜாஸிம், பத்து பகாட்டில் மருந்தாளுநர். கணினி பற்றி எதுவும் தெரியாது. ஆனால் ஆப்ரின் பேசினால் ஃபோனைக் காதை விட்டு எடுக்காமல் கேட்பார். நடுவில் கேள்வியும் கேட்பார். அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒரு சனிக்கிழமை, கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாகத் தலைத்துணி எடுக்க ஆப்ரினும் லோஷினியும் ஜோகூர் பாருவில் ஒரு துணிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரம்மா என்ன நிறம் என்று கேட்டார். "மயில் கழுத்து" என்றாள் ஆப்ரின். நீலத்தில் ஒன்று வந்தது. பச்சையில் ஒன்று வந்தது. இரண்டுமில்லாமல் ஒன்று வந்தது.

"எந்த ஊரு மயிலும்மா உங்களுது?" என்று அலுத்துக்கொண்டார் கடைக்காரம்மா. "பேரெல்லாம் வேணாம். ரவிக்கைத் துணி இருக்கா? குடு."

வாங்கிக்கொண்டு அலமாரி ஓரமாக நடந்தார். ஒவ்வொரு துணிமேலும் அந்தத் துண்டை வைத்துப் பார்ப்பது, எடுப்பது, அடுத்ததற்குப் போவது. அலமாரி பாதிகூட முடியவில்லை, ஒன்றை உருவி மேசையில் போட்டார். அச்சு அசலாக அதே நிறம். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் 'டார்க் மிண்ட்' என்று இருந்தது.

ஆப்ரின் லோஷினியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

"லோஷினி! பேரே வேணாம்!"

"அதான் கிடைச்சிருச்சே, எதுக்குக் கத்தற?"

"துணி இல்லடி, நம்ம ஆபீஸ் புரோகிராம்! என்ன செய்யும்னு எதுக்கு அதுங்களைக் கேக்கணும்? ஒரு மாதிரியைக் குடுப்போம். இது உள்ள போனா இது வெளிய வரணும்னு சொல்லுவோம். எல்லாத்தையும் வரிசையா ஓட விடுவோம். எது அப்படிச் செய்யுதோ அதான் நமக்கு வேணும்!"

சொன்னவள் அப்படியே வாசலுக்கு நடந்துவிட்டாள். கார் நிறுத்துமிடம் வரைக்கும் போன பிறகுதான் தலைத்துணியை மேசையிலேயே விட்டுவந்தது இருவருக்கும் நினைவு வந்தது.

தேடும் நிரலை எழுதி முடிக்க அவளுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. முதல் சோதனைக்கு எல்லாரையும் வாட்டிக்கொண்டிருந்த ஒரு சிக்கலையே எடுத்துக்கொண்டாள். கிளினிக்கில் முறை வந்தவரை ஒலிபெருக்கி பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நம் ஊர்ப் பெயர்களோ ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒருவருக்கு நடுவில், இன்னாரின் மகள் என்பதற்கு, 'ஏ/பி' வரும், இன்னொருவருக்கு அதே பொருளில் 'பிந்தி', வேறொருவருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். கிளினிக்கின் ஒலிபெருக்கி "மிஸ் பிந்தி" என்று அழைக்க, காத்திருந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்து நின்றார்களாம்.

ஆப்ரின் மூன்று மாதிரிகளைக் கொடுத்தாள். 'ஆப்ரின் பிந்தி அபூபக்கர்' போனால் 'ஆப்ரின்' வர வேண்டும். 'லோஷினி ஏ/பி மனோகரன்' போனால் 'லோஷினி'. 'டான் மெய் லிங்' போனால் 'மெய் லிங்'. பொத்தானை அழுத்தினாள்.

திரையில் துண்டுகள் ஒவ்வொன்றாக ஓடின. ஒன்று, மூன்று பெயர்களையும் தலைகீழாக எழுதித் தந்தது. ஒன்று பேருந்தில் ஜன்னல் ஓர இருக்கை தந்தது. ஒன்று, யாரென்று தெரியவில்லை என்று சொல்லிச் செத்து விழுந்தது. லோஷினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டியல் ஓடி ஓடி, திடீரென்று ஒரு பச்சை வரி.

செண்டோல். மூன்றும் சரி.

"செண்டோல்!" என்று லோஷினி கத்தினாள். "செண்டோல்!" என்று ஆப்ரினும் கத்தினாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே குதித்தார்கள். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஹேமநாதன் தண்ணீர்ப் பாட்டிலோடு அறையைவிட்டு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமென்று சிரித்துவிட்டு, பாட்டில் தண்ணீரைத் தானே குடித்தார்.

ஆப்ரின் உடனே சிங்கப்பூருக்கு அழைத்தாள். "அண்ணா! செண்டோல் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடும்!"

"நானா எழுதினேன்? ரொம்ப நல்லா இருக்கே!" என்று யுகேந்திரனும் கத்தினார்.

அந்த வாரம் முழுக்க ஆப்ரின் தரையில் நடக்கவில்லை. காலையில் வந்ததும் ஒரு மாதிரி, தேத்தண்ணீருக்கு முன்னால் ஒரு மாதிரி. ரோஜாக் எதைக் கலக்கும் என்று தெரிந்தது. இரண்டு பட்டியல்களைச் சேர்த்து, இரட்டிப்பாக வந்ததை எடுத்துவிடும். ஆப்பம் பாலிக் தேதியைத் திருப்பிப் போட்டு, நாள், மாதம், வருஷம் என்று இருப்பதை வருஷம், மாதம், நாள் என்று ஆக்கும். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஜாஸிமுக்கு ஒரு செய்தி போகும். அவரும் சளைக்காமல் "அடுத்தது என்ன?" என்று பதில் போடுவார்.

அடுத்ததுதான் விபத்து.

கைபேசி எண்களை மக்கள் இஷ்டத்துக்கு எழுதுவார்கள். சிலர் முன்னால் நாட்டுக் குறியீடாக அறுபது போடுவார்கள், சிலர் நடுவில் கோடு போடுவார்கள். அதை ஒழுங்குபடுத்தும் துண்டு ஒன்று வேண்டியிருந்தது. பெயரும் எண்ணுமாக நிறைய மாதிரி தேவைப்பட்டது. ஆப்ரினின் கைபேசியில் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். விதவிதமான எண்கள், இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். எல்லாத் துண்டுகளும் வரிசையாக ஓடின. வரிசையில் மீ கோரெங்கும் இருந்தது.

சிறிது நேரத்தில் அவள் கைபேசி அடித்தது. ஜாஸிமின் மாமி காதர் பீவி. ஜாஸிமை வளர்த்தவர், அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து ஆப்ரின் அவரிடம் உட்கார்ந்துகொண்டு பேசியதே கிடையாது. ஃபோனில்கூட எழுந்து நின்றுதான் பேசுவாள். இப்போதும் எழுந்து நின்றாள்.

"ஆப்ரின், நல்லா இருக்கியாம்மா? ஒரு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்க மாமி."

"நிக்காஹ்வுக்கு முன்னாடி பூனை குடுக்கறது உங்க குடும்பத்து வழக்கமா?"

"என்ன மாமி?"

"மெசேஜ் வந்திருக்கு. 'அன்புள்ள காதர் பீவி, உங்கள் பூனை குளித்துச் சாப்பிட்டுத் தயாராக இருக்கிறது, மாலைக்குள் வந்து அழைத்துச் செல்லுங்கள்'னு. சரி, வழக்கம்னா எடுத்துக்கறோம். நாங்க என்ன திருப்பிக் குடுக்கணும்னு சொல்லு, அபூபக்கர் அண்ணன்கிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு."

ஆப்ரின் திரையைப் பார்த்தாள். மீ கோரெங் என்பது எப்போதோ மூடிப்போன அந்த நாய் பூனை ஆஸ்பத்திரிக்காக எழுதியது. பெயரும் எண்ணும் கொடுத்தால் எண்ணை அழகாக ஒழுங்குபடுத்தும். ஒழுங்குபடுத்திய கையோடு அந்த எண்ணுக்குச் செய்தியும் அனுப்பிவிடும். சிகாமட், மூவார், கோத்தா திங்கி, பத்து பகாட் என்று ஜோகூர் முழுக்க இருக்கிற இரண்டு வீட்டுச் சொந்தங்களுக்கும் ஒரே நேரத்தில் பூனை தயாராகியிருந்தது. எல்லாரையும் செண்டோலைப் போலவே சரியான பெயர் சொல்லி வேறு அழைத்திருந்தது.

ஃபோன்கள் நிற்கவில்லை. ஒரு சித்தப்பா, பூனை ஆணா பெண்ணா என்று கேட்டார். ஒரு பெரியம்மா, வீட்டில் கிளி இருக்கிறது, மன்னித்துக்கொள் என்றார். ஜாஸிமிடமிருந்து ஒரே ஒரு வரி: 'எனக்கு மட்டும் வரவில்லையே, எனக்குப் பூனை கிடையாதா?' அவர் எண்ணை 'மாப்பிள்ளை' என்று வேறிடத்தில் சேமித்திருந்ததால் தப்பித்திருந்தார். லோஷினி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே வந்தால் மூச்சு முட்டுகிறதாம்.

செய்தியின் கடைசியில், எப்போதோ சோதனைக்குப் போட்டு மாற்றாமல் விட்ட இவர்களுடைய அலுவலக எண் இருந்தது. அங்கே வந்த ஓர் அழைப்பை ஹேமநாதன் எடுத்தார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தார். வழக்கம்போல, "வாங்க சார், பேசிக்கலாம்" என்று சொல்லி முகவரியும் கொடுத்துவிட்டார்.

பிற்பகலில் ஐயாசாமி வந்து சேர்ந்தார். பெக்கோக்கில் எண்ணெய்ப்பனை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அபூபக்கரின் பழைய சிநேகிதர் என்பதால் கல்யாணப் பட்டியலிலும் இருந்தவர். பட்டன் மாற்றிப் போட்ட சட்டை. கையில் மூடி வைத்த கூடை. அவ்வளவு தூரம் தானே வண்டி ஓட்டி வந்திருந்தார்.

"ஆப்ரின், நீ இங்கதான் வேலை பாக்குறியா புள்ள? எங்க என் முத்துவக் காட்டு. காணாமப் போயி ஒரு வாரமாச்சு. வீட்டுல அவ சோறு எறங்காம உக்காந்திருக்கா. பெக்கோக்லேர்ந்து எப்படித்தான் இவ்ளோ தூரம் வந்தானோ!"

ஆப்ரினுக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அவரை உட்கார வைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கூடையின் மூடியைத் தடவிக்கொண்டே கேட்டார். ஹேமநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ எல்லாருக்கும் பூனை வந்துச்சா?"

"ஆமா அங்கிள். மன்னிச்சிருங்க அங்கிள்."

"உங்க அத்தாவுக்குமா?"

"அத்தாவுக்கும்."

"அபூபக்கருக்குப் பூனைன்னா தும்மல் வருமே!" என்றார் ஐயாசாமி. அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. கண்ணீர் வர வரச் சிரித்தார். அடக்கி வைத்திருந்த அலுவலகம் மொத்தமும் அவரோடு சேர்ந்துகொண்டது.

சிரித்து ஓய்ந்ததும் எழுந்தார். "சரி புள்ள. ஆனா இவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கூடையோட போனா அவ என்ன வீட்டுக்குள்ள விட மாட்டா. கீழ டைல்ஸ் கடையில ஒரு மஞ்சப் பூனை படுத்திருக்கே, அது யாருது?"

அது யாருடையதும் இல்லை. மாதிரிக்கு வைத்திருந்த குளியலறைத் தொட்டியில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் பிறாண்டுவதுதான் அதன் தொழில். டைல்ஸ் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கொடுத்தார். பூனை ஐயாசாமியையும் ஒரு தடவை பிறாண்டிவிட்டுக் கூடைக்குள் போனது. அன்று சாயங்காலம் பெக்கோக்கிலிருந்து ஃபோன் வந்தது. "புள்ள, இங்க அவ சார்டின் டின்னத் தொறந்திருக்கா, சத்தம் கேட்டு முத்து எங்கேர்ந்தோ வந்துட்டான்! இப்ப ரெண்டும் அலமாரி மேல ஏறி மொறச்சுக்கிட்டு நிக்குதுங்க. ஒண்ணு வேணுமா?"

ஹேமநாதன் மறுநாள் ஆப்ரினை அறைக்குள் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"தேடறத நிறுத்தாதே. ஆனா ஓட விடறதுக்கு முன்னாடி வேலி போடு" என்றார் அவர்.

போட்டாள். மூடிய அறை மாதிரி ஓர் இடம் கட்டினாள். தேடும்போது துண்டுகள் அதற்குள்தான் ஓடும். இணையம் கிடையாது, தொலைபேசி கிடையாது, அச்சு இயந்திரம் கிடையாது. யாராவது செய்தி அனுப்பப் பார்த்தால் 'அனுப்ப முயன்றது' என்று ஒரு குறிப்பு மட்டும் வரும். மாதிரிக்கு இருப்பது எல்லாம் கற்பனைப் பெயர்கள், கற்பனை எண்கள். முன்பு பார்த்த வழிகளையும் அவள் விட்டுவிடவில்லை. அடையாளச் சொல்லை வைத்து முதலில் குவியலைச் சிறிதாக்குவாள். உள்ளே போவது, வெளியே வருவது பொருந்துகிறதா என்று பார்த்து இன்னும் சிறிதாக்குவாள். மிஞ்சியதை மட்டும் வேலிக்குள் ஓட விடுவாள்.

நவம்பரில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் மணமக்களைப் பார்த்ததும் மேடைக்குக் கீழே குனிந்து, "பூனை எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரியாணிக்குப் போனார்கள். காதர் பீவி மாமி ஒவ்வொருவருக்கும் முழுக்கதையையும் தானே சொன்னார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி.

ஜனவரியில் சிகாமட்டில் ஆறு பெருகியது. கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அபூபக்கர் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு பள்ளி மண்டபத்தில் இருந்த நிவாரண மையத்துக்குப் போய், அங்கேயே அடுப்பு மூட்டிவிட்டார். ஒரு காலையில் மகளுக்கு ஃபோன் செய்தார்.

"சோத்துக்குக் குறை இல்லம்மா. வரிசைதான் தலைவலி. எந்தக் குடும்பம் வாங்குச்சு, எது வாங்கலன்னு தெரியல. புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ரொம்ப நேரம் நிக்கிறாங்க. இங்க செல்வா தம்பிதான் எல்லாத்தையும் பாத்துக்கிறாரு. உன்னால எதாச்சும் முடியுமா?"

பாதை மூடியிருந்தது, போக முடியாது. ஆப்ரினும் லோஷினியும் ஸ்கூடாயில் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். மையத்தை நடத்திய பள்ளி ஆசிரியர் செல்வா, என்ன வேண்டும் என்று ஃபோனில் சொல்லச் சொல்ல, ஆப்ரின் ஒவ்வொன்றுக்கும் மாதிரி கொடுத்தாள். குடும்பங்களைப் பதிவு செய்வது டியூஷன் சென்டரிலிருந்து கிடைத்தது. இரண்டு தடவை பதிந்தவர்களை ரோஜாக் எடுத்துவிட்டது. செய்தி அனுப்ப மீ கோரெங், இந்தத் தடவை அனுமதியோடு. வரிசையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுவதற்கு மாதிரி கொடுத்தபோது, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று வந்து நின்றது. கார் கழுவும் இடத்து நிரல். முன்னால் எத்தனை வண்டி, சின்னதா பெரிதா என்று பார்த்து நேரம் சொல்வது.

"காரும் குடும்பமும் ஒண்ணா?" என்றாள் லோஷினி.

"வரிசைக்கு ஒண்ணுதான்! சின்னக் குடும்பம் சின்னக் கார், பெரிய குடும்பம் வேன்."

மதியத் தொழுகை நேரத்துக்குள் எல்லாவற்றையும் கோத்து அனுப்பிவிட்டார்கள். ஆப்ரின் தொழுதுவிட்டு வருவதற்குள் செல்வாவின் அழைப்பு வந்திருந்தது. திரும்ப அழைத்தாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். ஏதோ தப்பாகிவிட்டது என்று கணினியை நோக்கி ஓடினாள்.

"ஆப்ரின், வேலை நல்லா நடக்குது. ஆனா மெசேஜ்ல என்ன வருதுன்னு பாத்தீங்களா?"

"என்ன வருது?"

"'உங்கள் வேன் இன்னும் பத்து நிமிடத்தில் கழுவப்படும்'னு வருது!"

எல்லாவற்றையும் பார்த்தவள், அந்த ஒரு வாக்கியத்தை மாற்ற மறந்திருந்தாள்.

"ஐயோ! இப்பவே மாத்திடறேன் சார், ரெண்டே நிமிஷம்."

"இருங்க இருங்க. இங்க ஒரு வயசான மலாய்ப் பாக் சிக், பேரப்பிள்ளைங்க எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சு, 'இதுதான் என் வேன், நல்லாக் கழுவுங்க, சேறு நிறைய இருக்கு'ங்கறாரு. ஹாலே சிரிக்குது. அங்க ஒருத்தங்க எங்களுக்கு ஏன் சின்னக் கார்னு வந்துச்சுன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. உங்க அத்தா பேசணுங்கறாரு."

அபூபக்கர் வாங்கினார். பின்னால் அண்டாவில் கரண்டி மோதும் ஓசை. "ஆப்ரின், தண்ணி வந்ததுலேர்ந்து இந்த ஹால்ல யாரும் சிரிக்கலம்மா. மாத்தாதே. அப்படியே இருக்கட்டும்."

மாற்றவில்லை. தண்ணீர் வடிந்து, ஜனங்கள் வீடு திரும்பும் வரைக்கும் சிகாமட்டில் அந்த மண்டபத்தில் குடும்பங்கள் கழுவப்பட்டுக்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு ஹேமநாதன் அவளுக்குத் தனி மேசையும், தேடித் தருவது மட்டுமே வேலை என்று ஒரு பதவியும் கொடுத்தார். அந்தப் பதவிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியாததால் பெயர் அட்டையில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புதிதாக எதை எழுதுவதாக இருந்தாலும் இப்போது எல்லாரும் முதலில் ஆப்ரினிடம் வருகிறார்கள். அவள் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தும்போது, பச்சை வரி வருமா என்று இரண்டு மூன்று பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வந்தால் கைதட்டல்.

போன வாரம் மூவாரிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தார் வந்திருந்தார்கள். திக்கிப் பேசும் பிள்ளைகள் எங்கே தயங்குகிறார்கள் என்று பதிவிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். ஆப்ரின் அடையாளச் சொல்லைப் போட்டாள், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சொன்னாள், மாதிரிகளைக் கொடுத்தாள். துண்டுகள் ஓடின. பச்சை வரி வரவில்லை. மாதிரியைத் தளர்த்தினாள், மறுபடி ஓட விட்டாள். கடைசித் துண்டும் ஓடி முடிந்து, திரை அசையாமல் நின்றது. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"இல்ல" என்றாள் ஆப்ரின். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "இல்லவே இல்ல லோஷினி! இதை இங்க யாருமே எழுதல!"

"அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?"

"பின்ன? முதல் தடவை எழுதப் போறேன் லா!"

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூடாய்க்கே மாறி வந்துவிட்ட ஜாஸிமுக்கு, வர நேரமாகும், சாப்பிட்டுவிடுங்கள் என்று ஒரு செய்தி போட்டாள். கை விரல்களை நெட்டி முறித்தாள். காலியாக இருந்த திரையில் முதல் வரியை எழுத ஆரம்பித்தாள்.